ஆம்பூர்ப் பக்கத்துச் சிறு குதிரைப் பண்ணையில் ஒரு வாரம்

குதிரை வளர்ப்பு நம் ரயத்துகளுக்குப் பழகிய தொழிலன்று. மாடும் எருமையும் வளர்ப்பதில் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தவர்கள்கூட, குதிரையை வாங்கிக் கட்டிய முதல் ஆண்டிலேயே கையைச் சுட்டுக்கொள்வதுண்டு. இது இன்று நேற்று ஏற்பட்ட குறையுமன்று. கடல் வழியாகக் குதிரைகள் வந்திறங்கிய செய்தியைப் பட்டினப்பாலை கூறுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் குறித்து எழுதிய வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, இந்நாட்டு அரசர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகளைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கியும், பராமரிக்க அறியாமையால் ஆண்டு முடிவதற்குள் அவற்றுள் பெரும்பகுதி இறந்துபடுகின்றன என்றும், சோற்றோடு இறைச்சியைக் கலந்து இடுகின்றனர் என்றும், லாடம் கட்டுவோர் இங்கு இல்லை என்றும் எழுதிவைத்தான். அவன் கூற்றில் சிறிது மிகையிருக்கலாம். ஆயினும் தீனியும் குளம்பும் ஆகிய இரண்டு வழிகளிலேதான் நம்மிடம் இன்றும் குதிரை கெடுகிறது. மூன்றாவதாகத் தண்ணீரையும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்குக் காரணம் பின்னர் விளங்கும்.

வேலூர்ச் சீமைக்கும் குதிரைக்கும் பழைய உறவு உண்டு. வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூண்களில் முன்கால் தூக்கிப் பாயும் குதிரைகளைச் சிற்பிகள் செதுக்கி வைத்திருக்கிறார்கள். 1806 ஜூலை 10-ஆம் தேதி அதே கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தபொழுது, ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவிலிருந்த ஆர்க்காட்டுப் பாளையத்திலிருந்து கில்லெஸ்பி என்பவர் நடத்திவந்த 19-ஆவது குதிரைப்படை காலையிலேயே வந்து சேர்ந்தது. அவ்வெழுச்சி அன்றைக்கே முறிந்துபோனதற்கு அந்த விரைவே முதற்காரணம். ஓசூரில் இன்று அரசாங்கக் கால்நடைப் பண்ணையாக நடந்துவருவதும், 1824-இல் கும்பினிப் படைக்குக் குதிரை வளர்ப்பதற்கென்று ஏற்பட்டதேயாகும். பின்னர் ஜட்கா வண்டிகளின் காலம் வந்தது. மோட்டார் பெருகவே அதுவும் ஒடுங்கிற்று. இப்பொழுது குதிரை வைத்திருப்போர் சிலர் திருமண ஊர்வலத்துக்கும் திருவிழாவுக்கும் வாடகைக்கு விடுகின்றனர். சிலர் குட்டி போடவைத்து, ஆடி மாதத்தில் ஈரோடு மாவட்டம் அந்தியூர்க் குருநாதசுவாமி கோயில் திருவிழாச் சந்தையில் விற்கின்றனர்.

இத்தகைய பண்ணை ஒன்றில் புரட்டாசி மாதத்தில் ஒரு வாரம் தங்கிப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. ஆம்பூருக்குச் சிறிது தொலைவில், பாலாற்றை அடுத்து, ஐந்து ஏக்கர் நிலம். அதில் தென்னை பாதி, தீவனம் பாதி. மூன்று பெட்டைக் குதிரைகள், காயடித்த குதிரை ஒன்று, இரண்டு வயதுக் குட்டி ஒன்று. பொலிகுதிரை இல்லை, வேண்டும்பொழுது வாடகைக்கு வரும். வேலை செய்பவர்கள் நிலச்சொந்தக்காரரும், அவர் மனைவியாரும், முன்னாளில் ஜட்கா ஓட்டிய முதியவர் ஒருவருமே. முதியவரை வீட்டாரும் ஊராரும் 'பாய்' என்றே அழைப்பர். அவர் சொல்லுக்கு அப்பண்ணையில் மறுப்பில்லை.

நான் சென்ற திங்கட்கிழமையன்று மூத்த பெட்டை நிறைசினையாக இருந்தது. குதிரையின் சினைக்காலம் ஏறத்தாழ பதினொரு மாதம். 340 நாள் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம், பத்துப் பதினைந்து நாள் முன்பின் ஆவது இயல்பே. மடி கனத்து இரண்டு வாரமாகிவிட்டது. இந்நிலையில், விடியற்காலை தீனி வைக்கும் வேளையில் பாய் வந்து, "தண்ணி வேண்டாங்குது முதலாளி, வாயை வச்சுப் பார்த்துட்டு எடுத்துடுது" என்றார். மற்ற நான்கும் குடித்தன, ஆனால் அரைமனத்தோடு.

காரணம் தேடப் போனபொழுது விஷயம் வெளிப்பட்டது. பழைய திறந்த கிணற்றின் மோட்டார் சனிக்கிழமை பழுதாகிவிட்டது. அதற்குப் பதிலாக வயலோரத்து ஆழ்துளைக் கிணற்று நீரைத் தொட்டியில் நிரப்பியிருந்தார்கள். அந்நீரின் உப்பு வாயில் வைத்தாலே தெரிந்தது. சிறு கருவியால் அளந்து பார்த்ததில் கரைந்த உப்பு லிட்டருக்கு 4000 மில்லிகிராமுக்கு மேலிருந்தது. குதிரைக்கு 3000 வரையில் குற்றமில்லை; 3000-க்கும் 5000-க்கும் இடையில் பழகாத குதிரை குடிக்க மறுக்கும், சில சமயம் கழிச்சலும் காணும்; 7000-க்கு மேற்பட்டால் சினையானதற்கும் பால் கொடுப்பதற்கும் அபாயம். இங்கு அளவு நஞ்சாகும் எல்லையை எட்டவில்லை. ஆனால் நாளொன்றுக்கு முப்பது லிட்டர் குடிக்கவேண்டிய நிறைசினைக் குதிரை பத்து லிட்டரோடு நிறுத்திக்கொண்டால், உலர்ந்த தீனி பெருங்குடலில் இறுகிச் சூலை கண்டுவிடும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. ஆகவே வயிற்றில் ஏற்பட்ட கேடு தானாக வெளியேற வழியில்லை. வயிற்றுச்சூலையால் மாண்ட குதிரைகள் எத்தனை என்று ஜட்காக்காரர்களைக் கேட்டால் தெரியும்.

இந்த உப்பு எங்கிருந்து வந்தது என்பது இவ்வட்டாரத்து ரயத்துகளுக்குச் சொல்லவேண்டியதில்லை. பச்சைத்தோல் கெடாதிருக்க உப்பிட்டு வருகிறது. தொழிற்சாலையில் முதல் வேலையாக அதை ஊறவைத்து உப்பைக் கழுவுகிறார்கள். பல ஆண்டுகள் அந்நீர் நிலத்திலும் ஆற்றிலும் சென்று சேர்ந்தது. 1996 ஆகஸ்ட் 28-ஆம் தேதி உச்சநீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் நலமன்றத்தின் வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செய்யவேண்டும் என்ற விதியை நிலைநாட்டியதும், 2025 ஜனவரி 30-இல் அதே நீதிமன்றம் பாதிக்கப்பட்டோர்க்கு ஈடு வழங்குவதைப்பற்றி மீண்டும் கட்டளையிட்டதும் பத்திரிகைகளில் வந்தவை. நீதி ஒருபுறமிருக்க, நிலத்தடியில் இறங்கிய உப்பு கட்டளைக்குக் கட்டுப்பட்டு மேலே வருவதில்லை. ஒரே ஊரில் ஒரு கிணறு நன்னீராகவும் அடுத்த கிணறு உவராகவும் இருப்பது இங்கே சாதாரணம். ஆதலால் கிணறு மாற்றும்பொழுதெல்லாம் நீரைச் சோதிக்காமல் கால்நடைக்குக் காட்டலாகாது. அன்று மாலைவரை பக்கத்துத் தோப்புக் கிணற்றிலிருந்து மாட்டுவண்டியில் பீப்பாய் பீப்பாயாக நீர் கொண்டுவந்தார்கள். பெட்டை முதல் வாளியை நிமிராமல் குடித்ததைப் பார்த்தபிறகே வீட்டம்மாள் அடுப்பங்கரைக்குப் போனார்கள்.

செவ்வாய்க்கிழமை லாடம். மாட்டுக்கு லாடம் அடிப்பவர்கள் நம் பக்கத்தில் கிடைப்பார்கள். குதிரைக்கு அடிப்பவர் அரியர். மாட்டைக் கயிற்றால் கட்டிச் சாய்த்து அடிப்பது வழக்கம். குதிரையை நிற்கவைத்தே, ஒவ்வொரு காலாகத் தொடையில் தாங்கி அடிக்கவேண்டும். குளம்பின் அடியில் ஓட்டுக்கும் உள்தசைக்கும் நடுவே ஓடும் வெண்கோட்டுக்கு வெளியே ஆணி இறங்கவேண்டும். உள்ளே இறங்கினால் குதிரை நொண்டும், சீழ் கட்டும், கவனிக்காவிட்டால் இசிவுநோயும் வரும். இசிவுக்குக் குதிரையைப்போல் எளிதில் ஆளாகும் பிராணி வேறில்லை. தடுப்பூசியை ஆண்டுதோறும் தவறாமல் போடவேண்டும், சினைக்குதிரைக்கு ஈனுவதற்கு ஒரு மாதம் முன்பாகப் போட்டால் சீம்பால் வழியே குட்டிக்கும் காப்பு உண்டாகும். லாடத்தைத் தேயும்வரை விட்டுவைப்பது சிக்கனம் என்று பலர் எண்ணுகிறார்கள். குளம்பு வளர்ந்துகொண்டே போவதால், ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றிச் சீவி மறுபடி அடிக்கவேண்டும். நிறைசினையானதற்கும் வண்டி இழுக்காததற்கும் லாடமே வேண்டாம், சீவினால் போதும். பாய் அன்று முழுவதும் காலைப் பிடித்தபடி நின்றார். இரண்டு வயதுக் குட்டி இருமுறை உதைத்தது. ஒன்று அவர்மேலும் பட்டது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

புதன்கிழமை தீவனக் கணக்கு. 'குதிரைக்குக் கொள்ளு' என்ற பழக்கம் வேரூன்றிப்போனமையால், கொள்ளும் தவிடும் நிறைய வைத்துப் புல்லைக் குறைப்பவர்கள் உண்டு. இது தலைகீழான முறை. குதிரையின் இரைப்பை சிறியது. தீனியின் பெரும்பகுதி பின்குடலில் புளித்தே செரிக்கிறது. அதற்கு நார் வேண்டும். முந்நூறு கிலோ எடையுள்ள நாட்டுக் குதிரைக்கு நாளொன்றுக்கு உலர்ந்த கணக்கில் ஆறு கிலோ தீனி என்றால், அதில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் புல்லாக இருக்கவேண்டும். கொள்ளை ஊறவைத்து அல்லது வேகவைத்து, ஒரே வேளையில் கொட்டாமல் மூன்று வேளையாகப் பங்கிட்டு, தண்ணீர் காட்டியபிறகே இடவேண்டும்.

அரிசித் தவிட்டைப்பற்றி ஓர் எச்சரிக்கை. அதில் பாஸ்பரம் மிகுதி, சுண்ணாம்புச் சத்து குறைவு. மாதக்கணக்கில் தவிட்டை மிகுதியாகத் தின்னும் குதிரை, குறையைத் தன் எலும்பிலிருந்தே எடுத்து ஈடுகட்டுகிறது. தாடையெலும்பு வீங்கி முகம் பெருத்துக் காலும் நொண்டும். கொழுக்கட்டைப் புல் மேய்ச்சலுக்குச் சிறந்ததே ஆயினும், அதிலுள்ள ஆக்ஸலிக் உப்பு சுண்ணாம்பைப் பிடித்துக்கொள்வதால், அதை மட்டுமே தின்னும் குதிரைக்கும் இக்கேடு வரலாம். பரிகாரம் எளிது. பெயரிலேயே குதிரையை வைத்துக்கொண்டிருக்கும் குதிரைமசாலைச் சிறிதளவு அன்றாடம் சேர்த்தால் சுண்ணாம்புச் சத்து கிடைத்துவிடும். இப்பண்ணையில் பத்துச் சென்டு நிலத்தில் அதைப் பயிரிட்டு, அறுகம்புல்லோடு கலந்து போடுகிறார்கள். மணிலாக் கொடி நம் ஜில்லாவில் மலிவாகக் கிடைக்கிறது, குதிரையும் விரும்பித் தின்கிறது. ஆனால் மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த கொடியை மாட்டுக்கும் இடாதீர்கள், குதிரைக்கு இடவே இடாதீர்கள். மாட்டுக்கென்று மூட்டையில் வரும் கலப்புத் தீவனத்தைக் குதிரைத் தொட்டியில் போடுவதும் பிசகு. சிலவற்றில் மோனென்சின் என்ற மருந்து கலந்திருக்கும். மாட்டுக்கு நன்மை செய்யும் அதே மருந்து மிகச் சிறிய அளவிலேயே குதிரையின் இருதயத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும்.

அன்று பிற்பகல் வண்டிச் சாமான்களைச் செப்பனிட்டார்கள். சேண வேலைக்குப் பெயர்போனது வடக்கே கான்பூர். நம் பகுதியின் புகழ் பதனிட்ட தோலுக்கும் காலணிக்குமே. ஆயினும் ஆவாரம்பட்டையில் பதனிட்ட பழைய முறைத் தோல் வாருக்கும் கடிவாளத்துக்கும் மிக உகந்தது என்பது பாயின் அபிப்பிராயம். வேர்வையின் உப்பைத் துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தி, எண்ணெய் தடவிவந்தால் வார் பல ஆண்டுகள் உழைக்கும். வெயிலில் காயப்போட்டால் வெடிக்கும். வெடித்த வார் தோள்பட்டையில் புண்ணாக்கும்.

வியாழனன்று காலை மூத்த பெட்டையின் மடிக்காம்பு நுனியில் மெழுகுபோல் சொட்டு உறைந்திருந்தது. வாலடித் தசைகள் தளர்ந்திருந்தன. இன்னும் ஒன்றிரண்டு நாளில் என்பதற்கு இதுவே அடையாளம். குதிரை பெரும்பாலும் இரவில், ஆளரவம் அடங்கியபின் ஈனும். அருகில் ஆள் நின்றால் தள்ளிப்போடவும் வல்லது. ஆகவே லாயத்தில் புது வைக்கோல் பரப்பி, விளக்கைத் தூரத்தில் வைத்து, பாய் ஒரு மூலையில் கட்டிலில் படுத்தார். மிருக வைத்தியருக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்கள்.

இரவு ஒன்றரை மணிக்குப் பனிக்குடம் உடைந்தது. பசுவைப்போல் மணிக்கணக்கில் முக்கிக்கொண்டிருக்கும் பிராணியன்று குதிரை. நீர்க்குடம் உடைந்தபின் இருபது முப்பது நிமிடத்துக்குள் குட்டி வெளிவந்தாகவேண்டும். முன்கால் இரண்டும், அவற்றின்மேல் மூக்கும் வெண்மையான சவ்வுக்குள் தெரிவதே சரியான நிலை. வெண்சவ்வுக்குப் பதில் சிவந்த வெல்வெட்டுத் துணிபோன்ற பை முதலில் தோன்றினால், இளங்கொடி முன்னதாகவே பிரிந்துவிட்டதென்று அறிக. வைத்தியருக்காகக் காத்திராமல் அக்கணமே அதைக் கிழித்துக் குட்டியை வாங்கவேண்டும், இல்லையேல் மூச்சடைத்து இறக்கும். நல்லவேளையாக இங்கே வெண்மையே தெரிந்தது. இருபது நிமிடத்தில் பெட்டைக்குட்டி ஒன்று பிறந்தது.

அதன்பிறகுதான் கவலை. குட்டி ஒரு மணிக்குள் எழுந்து நிற்கவேண்டும், இரண்டு மணிக்குள் பால் குடிக்கவேண்டும், மூன்று மணிக்குள் தாயின் இளங்கொடி விழவேண்டும் என்பது குதிரைக்காரர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளத்தக்க கணக்கு. இக்குட்டி ஒரு மணி ஆகியும் எழவில்லை. நான்குமுறை முயன்று நான்குமுறையும் சரிந்தது. தூக்கி நிறுத்தலாமா என்று வீட்டுக்காரர் கேட்க, பாய், "இன்னும் கொஞ்சம் பொறுங்க முதலாளி, கால் தானா ஊன்றட்டும்" என்றார். தொப்புளை அயோடின் மருந்தில் தோய்த்தார்கள். ஒன்றே முக்கால் மணியில் எழுந்து நின்றது. ஆனால் மடியைத் தேடாமல் சுவரையே நக்கிக்கொண்டிருந்தது. இரண்டரை மணி ஆனபொழுது வீட்டம்மாள் சுத்தமான கிண்ணத்தில் சீம்பாலைக் கறந்து, புட்டியில் ஊற்றிச் சிறுகச் சிறுகப் புகட்டினார்கள்.

இதில் அவசரத்திற்குக் காரணம் உண்டு. குதிரைக்குட்டி நோயெதிர்ப்புச் சக்தி ஏதுமின்றியே பிறக்கிறது. அது முழுவதும் சீம்பாலில் இருக்கிறது. குட்டியின் குடல் அதை உட்கொள்ளும் ஆற்றல் பிறந்த சில மணிக்கெல்லாம் குறையத் தொடங்கி ஒருநாளில் நின்றுவிடும். பிறகு எவ்வளவு பால் குடித்தாலும் அந்தச் சக்தி வாராது. கன்றுக்குச் 'சீம்பால் ஆகாது' என்று கறந்து கொட்டும் மூடவழக்கத்தைக் குதிரையிடம் காட்டினால் குட்டி தப்புவது அரிது. புட்டிப்பால் உள்ளே போன சிறிது நேரத்தில் குட்டிக்குத் தெம்பு வந்தது. விடியுமுன் தாய்மடியைத் தானே கண்டுபிடித்தது. இளங்கொடி நாலே கால் மணிக்கு விழுந்தது. அதைத் தரையில் விரித்துப் பார்த்துத் துண்டேதும் உள்ளே தங்கவில்லை என்று உறுதிசெய்த பின்னரே புதைத்தார்கள். சிறு துண்டு உள்ளே அழுகினாலும் தாய்க்கு ஜுரம் கண்டு, குளம்பின் உட்தசை வெந்து, பின் வாழ்நாள் முழுதும் நொண்டியாகிவிடும். காலையில் வந்த வைத்தியர் குட்டியின் இரத்தத்தைச் சோதித்து, சீம்பால் போதிய அளவு சேர்ந்திருக்கிறதென்று மறுநாள் சொன்னார்.

வீட்டார் கண்மூடாத அந்த வெள்ளிக்கிழமையன்றே வேறொரு சோதனை வந்தது. தரகர் ஒருவர் மட்டக்குதிரை ஒன்றை மலிவான விலைக்குக் கொண்டுவந்தார். ஒரு பக்க மூக்கில் பசை போன்ற மஞ்சள் ஒழுக்கு. பின்காலில் கண்ணி கோத்தாற்போல் கட்டிகள். பாய் அதை வாயிற்படலுக்கு வெளியே நிறுத்திவிட்டார். அது கிளாண்டர்ஸ் என்னும் கொடிய தொற்றுநோயாக இருக்கலாம். இந்நோய் குதிரையிலிருந்து மனிதருக்கும் பரவிக் கொல்லவல்லது. தொழுநீரைக் கையால் தொடுவதும், ஒரே தொட்டியில் நீர் காட்டுவதும் கூடா. 1899-ஆம் ஆண்டிலேயே இதற்கென்று தனிச் சட்டம் ஏற்பட்டிருந்தது. இப்பொழுது 2009-ஆம் ஆண்டின் பிராணிகள் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம் அதனிடத்தில் நடக்கிறது. அச்சட்டப்படி, சந்தேகமுள்ள குதிரையைக் கண்டவர் கிராம அதிகாரிக்கோ பஞ்சாயத்துக்கோ அறிவிக்கவேண்டும். அவர் அருகிலுள்ள மிருக வைத்தியருக்கு எழுத்துமூலம் தெரிவிப்பார். நோய் உறுதியானால் சிகிச்சை கிடையாது. கொன்று ஆழப் புதைப்பதே விதி. சொந்தக்காரர் நஷ்டத்துக்கு அஞ்சி மறைப்பதும், கிராம அதிகாரி 'நமக்கேன்' என்றிருப்பதும் ஊரையே ஆபத்தில் தள்ளும். இங்கே தரகர் முணுமுணுத்தாலும், வீட்டுக்காரர் உடனே கிராம அலுவலகத்துக்கு ஆளனுப்பினார். பிற்பகலில் வைத்தியர் வந்து தனியே கட்டச் செய்து, சோதனைக்கு இரத்தம் எடுத்துச் சென்றார். நான் அங்கிருந்த வரையில் முடிவு வரவில்லை. எல்லா மூக்கொழுக்கும் கிளாண்டர்ஸ் அன்று. ஆயினும் சோதனைக்கு முன் யாரும் அதைத் தீர்மானிக்க முடியாது.

சனிக்கிழமை எருக்குழி வேலையும் ஈ ஒழிப்பும். ஒரு குதிரை நாளொன்றுக்குப் பத்துக் கிலோவுக்குக் குறையாமல் சாணமிடும். மாட்டுச் சாணத்தைவிட இது விரைவில் சூடேறுவதால், பச்சையாக வேரருகே கொட்டினால் பயிர் கருகும். குழியில் மக்கவைத்து இடவேண்டும். தென்னைக்கு இது நல்ல உரம். ஆனால் திறந்து கிடந்தால் ஈ பெருகும். மழைக்காலத்தில் பெருகும் பெரிய கடி ஈயால் சர்ரா என்ற இரத்தநோய் பரவுகிறது. விட்டுவிட்டு ஜுரமும், வயிற்றடியிலும் காலிலும் நீர்வீக்கமும், தீனி தின்றும் மெலிவும் அதன் குறிகள். தொழிற்சாலைக் கழிவுச் சேற்றைச் சிலர் இலவச எரு என்று நினைத்து நிலத்தில் இடுகின்றனர். குரோமியமும் உப்பும் கலந்த அச்சேற்றை எந்தக் காரணத்தாலும் தீவன நிலத்தில் சேர்க்கக்கூடாது. தோல் கழிவுநீர் ஓடும் வாய்க்காலோரத்துப் புல் பசுமையாயிருக்கும். அதில் மேயவிடுவதும் தீது, அடைப்பான் நோயின் வித்து இத்தகைய மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும். அதற்குரிய தடுப்பூசி மருந்து நம் பக்கத்திலேயே, 1932-இல் ஏற்பட்ட இராணிப்பேட்டைக் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையத்தில் தயாராகிறது. எந்த ஊரில் யாருக்குப் போடவேண்டும் என்பதை வைத்தியரே தீர்மானிப்பார்.

ஞாயிற்றுக்கிழமை பழைய கிணற்றின் மோட்டார் ஒருவாறு சீராயிற்று. மாட்டுவண்டிக்கு ஓய்வு கிடைத்தது. மாலையில் வீட்டுக்காரர் கணக்குப் புத்தகத்தை எடுத்து, குட்டி பிறந்த தேதியையும் நேரத்தையும் எழுதினார். ஈன்ற ஏழாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில் பெட்டை மறுபடி பருவத்துக்கு வருமாதலால் அந்நாட்களுக்குக் கீழே கோடிட்டார். ஆனால் இம்முறை இளங்கொடி விழத் தாமதமானபடியால் அந்த முதல் பருவத்தை விட்டுவிட்டு, அடுத்ததற்கே பொலிகுதிரையை வரவழைக்கலாம் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அப்பக்கத்தின் அடியில், ஆழ்துளைக் கிணற்று நீர் அளவும், 'குதிரைக்குக் காட்டாதே' என்ற இரண்டு சொற்களும் சிவப்பு மையில் இருந்தன. லாயத்தின் பின்புறம் புதிய குட்டி தாயைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. பாய் அதன் முன்காலைத் தூக்கித் தூக்கிக் குளம்பைத் தடவிப் பழக்கிக்கொண்டிருந்தார்.